"என் முடி தப்பாக இருக்கிறது அம்மா": ஐரிஷ் நடனப் போட்டிக்குப் போகும் 9 வயது மகளும் விக்கும்

கேள்வி:

நாங்கள் திருச்சிக்காரர்கள். டப்ளினுக்கு மேற்கே லூக்கனில் குடியிருக்கிறோம். எங்கள் மகளுக்கு 9 வயது. பள்ளித் தோழிகளோடு விளையாட்டாக ஐரிஷ் நடன வகுப்புக்குப் போகத் தொடங்கியவள், இப்போது சமையலறையிலும் பஸ் நிறுத்தத்திலும்கூட ரீல் என்ற ஐரிஷ் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறாள். இதுவரை வகுப்புச் சீருடையில் ஃபெஷ் எனப்படும் சின்னச் சின்ன ஐரிஷ் நடனப் போட்டிகளில் கலந்துகொண்டாள். கோடைக்குப் பிறகு அடுத்த நிலைக்குப் போகிறாள். அங்கே வருகிற பெண்கள் கல் பதித்த தனி உடை, சுருள்முடி விக், கிரீடம், கண்மை, கால்களில் பழுப்பு நிறப் பூச்சு என்று வருகிறார்கள். வகுப்பில் ஒரு பெண்மணி, தன் மகளுக்குச் சிறிதாகிவிட்ட உடையை 700 யூரோவுக்குத் தருவதாகச் சொல்கிறார்.

என் கணவர், "9 வயதில் லிப்ஸ்டிக்கா? வகுப்பையே நிறுத்திவிடு" என்கிறார். தோழியின் விக்கை அணிந்து மகள் எடுத்துக்கொண்ட படத்தை ஊரில் இருக்கும் மாமியாருக்கு அனுப்பினேன். "இது நம் பிள்ளையா, கடைப் பொம்மையா?" என்று கேட்டார். இவையெல்லாம் போகட்டும். அன்று விக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் கண்ணாடி முன் நின்று, "என் முடி தப்பாக இருக்கிறது அம்மா" என்றாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நானும் சிறுவயதில் சவுரியும் குஞ்சலமும் வைத்து, முகம் நிறையப் பூசிக்கொண்டு பரதநாட்டியம் ஆடியவள்தான். அப்படியிருக்க இது மட்டும் ஏன் உறுத்துகிறது? உடையை வாங்கலாமா? அல்லது இதை நிறுத்திவிட்டுப் பரதநாட்டியத்தில் சேர்த்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லூக்கன்

பதில் (குழந்தைகள் மனநல ஆலோசகர்):

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் பேசுகிறீர்கள், கணவர் பேசுகிறார், மாமியார் பேசுகிறார், உடை விற்கும் பெண்மணியும் பேசுகிறார். உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம். என் பதிலில் பெரும்பகுதி அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இருக்கும். அதற்கு முன் லிப்ஸ்டிக் வழக்கை முடித்துவிடலாம். அதில் உங்கள் கருத்துக்கும் வேலையில்லை, உங்கள் கணவரின் கருத்துக்கும் வேலையில்லை.

ஐரிஷ் நடன அமைப்புகளில் பெரியது அன் கொமிஷூன் லே ரிங்கீ கேலாக்கா. பெயர் நீளம் என்பதால் எல்லோரும் சி.எல்.ஆர்.ஜி. என்றே சொல்வார்கள். அதன் விதிகளின்படி, 10 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு வரை ஒப்பனைக்கு அனுமதி இல்லை. போலி இமையும், நிறம் கலந்த மாய்ஸ்சரைசரும்கூட ஒப்பனைக் கணக்கில்தான் சேரும். பன்கிராத், தூஸ்கிராத் எனப்படும் முதல் இரண்டு நிலைகளில் ஆடுகிறவர்களுக்கு இந்தத் தடை அதற்கு மேற்பட்ட வயதுக்கும் நீள்கிறது. வயதை அவர்கள் ஜனவரி 1ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அன்று உங்கள் மகளுக்கு 9 வயது என்றால், இடையில் பிறந்தநாள் வந்து 10 முடிந்தாலும், அந்த ஆண்டு முழுவதும் அவள் 10க்கு உட்பட்டோர் பிரிவிலேயே ஆடுவாள். உங்கள் வகுப்பு வேறோர் அமைப்பைச் சேர்ந்ததாக இருந்தால் விதிகளும் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு ஃபெஷுக்கும் முன்கூட்டியே வெளியிடும் சிலபஸ் என்ற போட்டி அறிவிப்பில் உடை பற்றிய பகுதி இருக்கும்; அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். என்னிடம் வருகிற பெற்றோர் பலர் அதைப் படித்திருப்பதில்லை. பெரிய போட்டிகளில் மேல் பிரிவுப் பெண்கள் எடுத்துக்கொண்ட படங்களைப் பார்த்துவிட்டு, தங்கள் பிள்ளைக்கும் அதுதான் நியதி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஆகவே லிப்ஸ்டிக்கும் கண்மையும் இப்போதைக்கு இல்லை. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அவர் வென்றுவிட்டார். மிச்சம் இருப்பவை உடையும் விக்கும்.

இவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். இல்லாவிட்டால், "இது அவர்களுடைய பாரம்பரியம், வந்தேறிகளான நாம் கேள்வி கேட்கலாமா" என்ற தயக்கம் உங்களை வாயடைத்துவிடும். உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு இடையில் அந்தத் தயக்கம் எனக்குத் தெரிகிறது. ஒரு காலத்தில் ஐரிஷ் கிராமங்களில் ஆடியவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் நல்ல உடுப்பில்தான் ஆடினார்கள். 1893இல் கேலிக் லீக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, மொழி, இசை, நடனம் என்று அனைத்தையும் மீட்டெடுக்கும் இயக்கம் வேகம் பிடித்தபோதுதான், ஆடுகிறவருக்கென்று ஒரு "தேசிய" உடை வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. தோளில் ஊக்குக் குத்திய சால்வை, லேஸ் காலர், பழைய கெல்ஸ் நூல் என்னும் ஓவியச் சுவடியிலிருந்து எடுத்த பின்னல் கோலங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வென்ற பதக்கங்களை மார்பில் வரிசையாகக் குத்திக்கொண்டு நிற்கும் சிறுமிகளின் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். முடி? இரவு ஈரத் தலையைத் துணிக்கீற்றில் சுற்றி முடிந்துவிட்டு, அப்படியே படுக்க வைப்பார்கள். காலையில் அவிழ்த்தால் சுருள். அந்த முடிச்சுகளின் மேல் தலைவைத்துத் தூங்கிய குழந்தைகள் நன்றாகத் தூங்கியிருக்க முடியாது. 1990களில் விக் பரவியபோது பல வீடுகளில் அது ஒரு நிம்மதியாகத்தான் வந்து இறங்கியது.

அந்தப் பத்தாண்டில்தான் இன்னொன்றும் நடந்தது. 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் சுமார் ஏழு நிமிடம் ஆடப்பட்ட ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடன நிகழ்ச்சி, இந்தக் கலையை உலகத்தின் முன் நிறுத்தியது. அதன் முன்னணி ஆட்டக்காரி ஜீன் பட்லரும் மற்றப் பெண்களும் அன்று அணிந்திருந்தவை எளிமையான குட்டை உடைகள். கூந்தல் அவர்களுடையது. உலகம் கண்டு மயங்கியது அந்த எளிமையைத்தான். போட்டி மேடையோ நேர் எதிர்த் திசையில் நடந்தது. விறைப்பான பாவாடைப் பலகைகள் வந்தன, பளிச்சென்ற நிறங்கள் வந்தன, பிறகு மேடை விளக்கில் மின்னும் கற்கள் வந்தன. காரணம் எளிது. பெரிய போட்டிகளில் மேடையில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். நடுவரின் கண் யார் மேல் விழும் என்ற கவலை ஆடுகிறவரை விட்டுவைப்பதில்லை. சாம்பியன்ஷிப் அளவில் மதிப்பெண்ணை இடப்புள்ளிகளாக மாற்றும் முறையில், ஒரு நடுவரிடம் முதலிடம் பெற்றவருக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 75, மூன்றாமிடத்துக்கு 65. ஒரு படி சறுக்கினால் 25 புள்ளி போய்விடும் என்ற இடத்தில், சின்ன அனுகூலம் எதையும் பெற்றோர் விட்டுவிட மாட்டார்கள். ஒருத்தி கல் பதித்தால் அடுத்தவள் இரண்டு மடங்கு பதிக்கிறாள். முதுகை நிமிர்த்தி வைத்துக்கொள்ள உடைக்குள் செருகும் கருவிகளைத் தடைசெய்து விதி எழுத வேண்டிய நிலைக்கு அமைப்பே வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஒப்பனைத் தடை வந்ததும் இந்த ஓட்டத்துக்குப் பின்னால்தான்.

இதைச் சொல்வது "எல்லாம் வெறும் வியாபாரம்" என்று உங்களை முகம் சுளிக்க வைக்க அல்ல. நம் பரதநாட்டியத்தின் தைத்த விசிறி மடிப்பு உடையும் 1930களை ஒட்டி உருப்பெற்றதுதான். புதியது என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் இவ்வளவு அண்மையில் மனிதர்கள் கூட்டிச் சேர்த்த ஒன்றை, ஒரு பிள்ளைக்கு வேண்டாம் என்று மனிதர்கள் தள்ளியும் வைக்கலாம். அதற்கு யாரும் உங்களை ஐரிஷ் பண்பாட்டை மதிக்காதவர் என்று சொல்ல முடியாது. வட அயர்லாந்தில் "ஃபெஸ்டிவல்" நடனம் என்று ஒரு மரபு இருக்கிறது. அது பெல்ஃபாஸ்ட் நகரின் நடன ஆசிரியை பட்ரிசியா மல்ஹாலண்டின் பெயரோடு பிணைந்தது. அங்கே உடை எளிமையானது, பிள்ளைகள் தங்கள் சொந்த முடியோடு ஆடுகிறார்கள். அவர்கள் ஆடுவதும் ஐரிஷ் நடனம்தான்.

இப்போது, உங்களை ஏன் இது உறுத்துகிறது என்ற கேள்வி. நீங்கள் நேர்மையாகக் கேட்டிருப்பதால் நேராகச் சொல்கிறேன். உறுத்தலில் ஒரு பங்கு பழக்கமின்மை. சவுரி வைத்த 6 வயதுப் பிள்ளையைப் பார்த்தால் "என்ன அழகு" என்று நெட்டி முறிக்கும் நமக்கு, சுருள்முடி விக் வைத்த பிள்ளை பொம்மையாகத் தெரிகிறது. சவுரியும் பொய்முடிதான். உங்கள் மாமியாரிடம் இதை நீங்கள் வாதாட வேண்டாம். மனத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் உறுத்தலின் மறுபங்கில் நியாயம் இருக்கிறது. பரதநாட்டியத்தில் கண்ணுக்கு மை தீட்டுவது, புருவத்தை வரைவது எல்லாம் வேலைக்காக. பின்வரிசையில் இருப்பவருக்கும் கண்ணின் அசைவு தெரிய வேண்டும். அபிநயம் முகத்தில்தான் நடக்கிறது. ஐரிஷ் போட்டி நடனத்தில் முகத்துக்கு அந்த வேலை கிடையாது. கைகள் பக்கவாட்டில் அசையாமல் நிற்க, உடல் நிமிர்ந்திருக்க, நடனம் முழுவதும் இடுப்புக்குக் கீழே நடக்கிறது. நடுவர் பார்ப்பது தாளம், அடிகள், அவற்றைச் செய்யும் நேர்த்தி, உடலின் நிமிர்வு. உடைக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. துள்ளும்போது சுருள்களும் துள்ளி உயரத்தைக் கூட்டிக் காட்டும் என்று விக்குக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். முகப்பூச்சுக்கு அந்த அளவு காரணம்கூட இல்லை. மேடையின் விளக்கு, மற்றவர்கள் போடுகிறார்கள், அவ்வளவுதான். கலைக்குத் தேவைப்படாத ஒப்பனை, ஆடும் பிள்ளையின் மனத்தில் வேறெங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். "முகம் இப்படி இருந்தால்தான் நான் மேடைக்குத் தகுதி" என்று அது தானே ஓர் அர்த்தம் செய்துகொள்ளும்.

உங்கள் மகளின் வாக்கியத்துக்கு வருகிறேன்.

அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலான தாய்மார்கள் செய்வது, "சீ, உன் முடிக்கு என்ன, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது தெரியுமா" என்று பதறி மறுப்பது. அன்பால் சொல்வதுதான். ஆனால் பிள்ளை ஒரு கதவைத் திறந்தபோது அதைச் சாத்திவிடுகிறோம். "என் முடி தப்பு" என்பதற்குள் பல பொருள் இருக்கலாம். விக்கைத் திருப்பிக் கொடுத்த ஏமாற்றமாக இருக்கலாம். தோழிகள் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க, தான் மட்டும் தனித்து நிற்கிற கூச்சமாக இருக்கலாம். யாரோ ஏதோ சொல்லியிருக்கலாம். அல்லது, ஐரிஷ் நடனத்துக்கு ஐரிஷ் முடி வேண்டும், தனக்கு அது இல்லை என்ற முடிவுக்கு அவள் தானாகவே வந்திருக்கலாம். முதல் இரண்டும் 9 வயதின் இயல்பு. மூன்றாவதற்கு நீங்கள் ஆசிரியையிடம் பேச வேண்டும். நான்காவதை மெதுவாகக் கையாள வேண்டும். எது என்று தெரிய வேண்டுமானால் கேட்கத்தான் வேண்டும்.

கேட்பதற்கு அவளை எதிரே உட்கார வைக்காதீர்கள். தலை பின்னும்போது கேளுங்கள். முகம் பார்க்காமல் பேசும் அந்த நேரத்தில் பிள்ளைகள் நிறையச் சொல்வார்கள். "விக் வைத்தபோது எப்படி இருந்தது? எது பிடித்தது?" என்று தொடங்குங்கள். "துள்ளும்போது அதுவும் துள்ளியது, வேடிக்கையாக இருந்தது" என்றால் அவளுக்கு அது விளையாட்டு. வேடம் போட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை. அதைத் திருடிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. "அதை வைத்தால்தான் நான் சரியாக இருக்கிறேன்" என்ற திசையில் பேச்சு போனால், அவள் விக்கை வேடமாகப் பார்க்கவில்லை, தன் குறைக்கு மருந்தாகப் பார்க்கிறாள். நான் கவலைப்படுவது அந்த இடத்தில்தான். ஒரே உடை, ஒரே விக், இரண்டு பிள்ளைகளின் மேல் இரண்டு வேறு பொருள்களாகிவிடும். எனவே வாங்கலாமா என்பதற்கு விடை கடையில் இல்லை, அந்தப் பேச்சில் இருக்கிறது.

குறைக்கு மருந்தாக நினைக்கிறாள் என்று தெரிந்தால், விக் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வாங்கிக் கொடுத்தால் அவள் நினைத்தது உறுதியாகிவிடும். அடுத்த ஒன்றிரண்டு ஃபெஷ்களில் தன் சொந்த முடியை இறுகக் கொண்டையிட்டு, வகுப்புச் சீருடையிலோ எளிய உடையிலோ ஆடட்டும். அவள் ஆடிவிட்டு இறங்கியதும் முடியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள், அதுவும் குறிப்பாக. "அழகாக ஆடினாய்" என்பது போதாது. "இரண்டாவது அடியில் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டாய்" என்று சொல்ல வேண்டுமானால் நீங்கள் கொஞ்சம் ரீலையும், ஜிக் என்ற இன்னொரு ஆட்டத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். தாளம் தெரிந்த பரதநாட்டியக்காரி நீங்கள். ரீலின் நான்கு எண்ணிக்கைத் தாளமும், ஜிக்கில் ஒரு வகையான ஸ்லிப் ஜிக்கின் ஒன்பது எண்ணிக்கைத் தாளமும் உங்களுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அம்மா தன் காலைக் கவனிக்கிறாள் என்று தெரிந்த பிள்ளை தலையைப் பற்றிக் கவலைப்படுவது குறையும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்களுக்குப் பழுப்புப் பூச்சு போடுவதை எழுதியிருந்தீர்கள். வெளுத்த கால்கள் மேடை விளக்கில் மங்கித் தெரிகின்றன என்பதால் அந்த வழக்கம் வந்தது. உங்கள் மகளுக்கு அது தேவையில்லை. இதைச் சொன்னவுடன் நம் வீடுகளில் ஒரு கேலி எழும்: "பார், நம் நிறத்துக்கு அவர்கள் காசு கொடுக்கிறார்கள்" என்று. கேலி இருக்கட்டும். அதே வீட்டில், கோடையில் வெளியே ஓடும் பிள்ளையைப் பார்த்து "கறுத்துவிடுவாய், உள்ளே வா" என்று யாராவது சொல்கிறார்களா என்று யோசியுங்கள். ஓரிடத்தில் தோழிகள் குப்பியிலிருந்து பழுப்பை எடுத்துப் பூசுகிறார்கள்; இன்னோரிடத்தில் தன் பழுப்பை வீட்டார் ஒரு குறையாகப் பேசுகிறார்கள். இரண்டையும் கேட்கும் 9 வயதுப் பிள்ளை, நிறம் என்பது எப்போதும் திருத்தப்பட வேண்டிய ஒன்று என்றுதான் முடிவுகட்டும். ஐரிஷ் நடன உலகத்தை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

அவளைப் போன்ற நிறமும் முடியும் கொண்டவர்கள் இந்த நடனத்தில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த மார்கன் புல்லக் என்ற கறுப்பினப் பெண், 2020இல் ஐரிஷ் அடிகள் வைத்து வெளியிட்ட ஒரு சிறு வீடியோவால் உலகமெங்கும் பேசப்பட்டார். "இது உன் பண்பாடா?" என்று அவரிடமும் சிலர் கேட்டார்கள். ரிவர்டான்ஸ் குழுவோ அவரைத் தன்னோடு ஆட அழைத்தது. அந்த வீடியோவை மகளோடு சேர்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு உபதேசம் வேண்டாம். பிள்ளை தானே பார்த்துக்கொள்வாள்.

உங்கள் கணவரின் கவலையை நான் சாதாரணமாகத் தள்ளவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, சிறுமிகளைப் பெரிய பெண்களைப்போல் காட்சிப்படுத்தும் பழக்கத்தை, அவர்களின் உடல் அதிருப்தியோடும் தாழ்வுணர்வோடும் மனச்சோர்வோடும் தொடர்புபடுத்திப் பேசியது. ஐரிஷ் நடன உடை கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடியது. அதை அழகிப் போட்டியோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. அவருடைய கோபத்தை வேறொரு பயனுள்ள வேலைக்குத் திருப்பலாம். படங்கள். போட்டி நடக்கும்போது படம், வீடியோ எடுப்பதற்கு ஃபெஷ்களில் பொதுவாகத் தடை உண்டு. ஆனால் வெளியே வந்ததும் உடையோடு எடுத்த படங்கள் குடும்பக் குழுக்களிலும், பழைய உடை விற்கும் பக்கங்களிலும் சுற்றுகின்றன. மகளின் படம் யாருக்குப் போகலாம், எங்கே போகக் கூடாது என்று முடிவுசெய்து கண்காணிக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும். உடையை விற்கும்போது பிள்ளை அணிந்த படத்தைப் போடாமல், மாட்டியில் தொங்கவிட்டுப் படமெடுங்கள்.

இனி 700 யூரோ. புதிதாகத் தைக்கும் தனி உடை ஆயிரத்தைத் தாண்டிப் போவது இங்கே சாதாரணம் என்பதால், பழைய உடைக்கு இது அதிர்ச்சியான விலை அல்ல. ஆனாலும் அவசரப்படாதீர்கள். முதல் காரணம், உங்கள் மகள் போகப்போகும் நிலையில் தனி உடைக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்; தொடக்க நிலைகளில் பல இடங்களில் வகுப்புச் சீருடை அல்லது எளிய பாவாடை, சட்டைதான். இரண்டாவது, 9 வயதுப் பிள்ளை மளமளவென்று வளரும். கைநீளமும் உடல்நீளமும் இறக்கிவிட மடிப்பு இருக்கிறதா என்று தையல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு நீங்களும் வாங்குபவரைத் தேடி அலைவீர்கள். உடையைப் போட்டு ஒரு முழு ரீல் ஆடிப் பார்க்கட்டும். கனமும் வெப்பமும் நின்று பார்த்தால் தெரியாது. வாங்க முடிவுசெய்தால், அதன் விலை அவள் காதில் விழ வேண்டாம். "இவ்வளவு செலவழித்தோமே, இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்யக் கூடாதா" என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த உடை அவளுக்குக் கடன் பத்திரமாகிவிடும். கடன்பட்ட பிள்ளை மேடையில் காலைத் தூக்கத் தயங்கும். என்னிடம் வந்த நடனக் குழந்தைகள் சிலரை வகுப்பை வெறுக்க வைத்தது இந்தப் பேச்சுதான். விக்கோ கிரீடமோ அல்ல.

விக் வாங்குவதானால், முதுகுவரை தொங்கும் பெரியதை விட்டுவிட்டு, உச்சியில் வைக்கும் கொண்டை விக்கைத் தேர்ந்தெடுங்கள். கனம் குறைவு. அவள் முடியின் கறுப்புக்கு ஒத்த நிறம் கிடைக்கும். வேறு நிறம் வாங்கி அவளை மாற்ற வேண்டாம். ஊசிகளைத் தோல் இழுபடும்படி இறுக்கக் கூடாது. "வலிக்கிறது" என்றால் வலிக்கிறது என்றுதான் பொருள். "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்ற பதில் வேண்டாம். நெற்றியோரத்தில் நாள்தோறும் இழுபடும் முடி உதிரத் தொடங்கும். ஆடும் நேரத்துக்கு மட்டும் வைத்துவிட்டு, இறங்கியதும் கழற்றிவிடுங்கள். காரில் வீடு திரும்பும்போதும் கழற்ற மறுத்தால், அல்லது பள்ளிக்கும் அப்படிப் போக வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால், அதைக் கவனியுங்கள். தோழிகளோடு விக்கை மாற்றிக்கொள்ள வேண்டாம். பேன் வந்தால் நீங்கள் என்னையும் திட்டுவீர்கள். காலுறை கீழே இறங்காமல் இருக்கப் பூசும் பசையை வெந்நீர் வைத்து மெதுவாக எடுங்கள், உரிக்காதீர்கள்.

ஆசிரியையிடம் பேச நீங்கள் தயங்கலாம். டி.சி.ஆர்.ஜி. என்னும் சி.எல்.ஆர்.ஜி.யின் ஆசிரியர் சான்றிதழ் பெற்றவர்கள் தேர்வெழுதி வந்தவர்கள். கேட்பதால் கோபப்பட மாட்டார்கள். வகுப்பு முடியும் நேரத்தில் மற்றப் பெற்றோர் நடுவில் கேட்காமல், தனியாக நேரம் வாங்கிக் கேளுங்கள். எது விதி, எது பள்ளியின் விருப்பம், எது இரண்டும் இல்லாமல் மற்றவர்கள் செய்வதால் வந்தது என்று பிரித்துச் சொல்லும்படி கேளுங்கள். "விக் இல்லாமல் இவள் ஆடினால் உங்களுக்குச் சிரமமா?" என்றும் நேராகக் கேட்கலாம். குழு நடனங்களில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசிரியை எதிர்பார்ப்பது நியாயம், அங்கே ஒத்துப்போங்கள். தனி நடனத்தில் நீங்கள் சொல்வதற்கு இடம் உண்டு. மேல்நிலைப் போட்டிகளில் தோற்றம் நடுவரின் மனத்தில் துளியும் படியாது என்று நான் சாதிக்க மாட்டேன். நடுவர்களும் மனிதர்கள். ஆனால் 9 வயதுப் பிள்ளையின் ஆரம்ப நிலைப் போட்டியில் முடிவைத் தீர்மானிப்பது விக் அல்ல, தாளமும் பாதமும்தான். அப்படியில்லை என்று ஆசிரியை சொன்னால், விக்கைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு வேறு வகுப்பைப் பற்றி யோசியுங்கள்.

பரதநாட்டியத்துக்கு மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்கு ஆசை இருந்தால் சேருங்கள், இரண்டையும்கூட ஆடலாம். பஸ் நிறுத்தத்தில் ரீல் ஆடும் பிள்ளையை, விக்குக்குப் பயந்து அதிலிருந்து பிடுங்கி அங்கே நடாதீர்கள். பிடுங்கினால், தன் முடி தப்பு என்பதால்தான் தன்னை வெளியே எடுத்தார்கள் என்று அவள் எண்ணிக்கொள்ள வாய்ப்பு அதிகம். தவிர, ஒன்றிரண்டு ஆண்டில் அங்கேயும் சலங்கை பூஜை வரும். சவுரிக்கும் நெற்றிச்சுட்டிக்கும் திருச்சியிலிருந்து பார்சல் அனுப்பச் சொல்லி மாமியாருக்குப் பட்டியல் போடுவீர்கள்.

அடுத்த ஃபெஷுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்கு முன் பின்னல் நேரப் பேச்சையும் ஆசிரியையோடான பேச்சையும் முடித்துவிடுங்கள். உடை விற்கும் பெண்மணியிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். வேறு யாராவது வாங்கிப் போய்விட்டால் போகட்டும், இந்த ஊரில் பழைய ஐரிஷ் நடன உடைக்குப் பஞ்சமே இல்லை.